வீட்டு சைக்கிளும் ரோட்டு சைக்கிளும்

(நம் சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியது)



போன வாரம் செயலாளர் என்னை லிஃப்டில் பிடித்தார். "சார், நீங்க வீட்டுக்குள்ளேயும் சைக்கிள் ஓட்டறீங்க, வெளியேயும் ஓட்டறீங்க. எது நல்லதுன்னு பத்து நிமிஷம் பேசுங்களேன்" என்றார். நான் பயிற்சியாளர் இல்லை. பி.காம். படித்துவிட்டு 34 வருடம் வங்கியில் எழுத்தராக உட்கார்ந்திருந்தவன். ஆனால் இந்த விஷயத்தில் ஒரு பெரிய கணக்குப் பிழை செய்திருக்கிறேன். அதைச் சொன்னால் உங்களுக்கு உபயோகமாக இருக்கும்.

ஓய்வு பெற்ற பிறகு, சர்க்கரைக்காக டாக்டர் சொன்னபடி சைக்கிள் ஓட்ட ஆரம்பித்தேன். லாரிகளுக்கு நடுவில் நான் போவது என் மனைவிக்குப் பிடிக்கவில்லை. வெளிநாட்டில் இருக்கும் மகன் விடுமுறைக்கு வந்தபோது ஒரு ஸ்மார்ட் டிரெய்னர் வாங்கிக் கொடுத்தான். சைக்கிளின் பின் சக்கரத்தைக் கழற்றிவிட்டு அந்தக் கருவியில் மாட்ட வேண்டும். ஸ்விஃப்ட் மாதிரி ஒரு ஆப்பில் இணைத்தால், திரையில் ஒரு பொம்மை நமக்காக சைக்கிள் ஓட்டும். திரையில் மேடு வந்தால் பெடல் கனமாகும். "இங்கேயே ஓட்டுங்க, என் கண் முன்னாடி இருப்பீங்க" என்றார் மனைவி.

அதில் லாபம் நிஜமாகவே உண்டு. ரோட்டில் சிக்னல், இறக்கம், மாடு என்று பாதி நேரம் மிதிப்பதே இல்லை. வீட்டில் ஒரு மணி நேரம் என்றால் முழு மணி நேரமும் மிதிக்கிறோம். நம் பலத்தை வாட் கணக்கில் அது காட்டும். 20 நிமிடம் முழு மூச்சாக மிதித்து, அதன் சராசரியில் 95 சதவீதத்தை எடுத்தால், ஒரு மணி நேரம் நம்மால் தாங்கக்கூடிய அளவு ஏறக்குறைய தெரிந்துவிடும். எனக்கு முதலில் 133 வந்தது. நாலு மாதத்தில் 152 ஆயிற்று. இது பொய்க் கணக்கு இல்லை. 2020-இல் ஸ்விஃப்டில் நடந்த முதல் இணையவழி உலக சைக்கிள் சாம்பியன்ஷிப்பில் ஆண்கள் பிரிவில் ஜெயித்த ஜேசன் ஆஸ்போர்ன், அதுவரை படகு வலிக்கும் வீரர். பிறகு அவர் தொழில்முறை சாலைப் பந்தய அணியிலேயே சேர்ந்தார்.

எனக்குத் தலைக்கனம் ஏறியதும் அங்கேதான். நீண்ட தூரம் ஓட்டுபவர்களுக்கு பி.ஆர்.எம். என்று ஒன்று நடத்துகிறார்கள். அது பந்தயம் இல்லை. 200 கிலோமீட்டரைப் பதிமூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். சாப்பாடு, பஞ்சர், ஓய்வு எல்லாம் அதற்குள்ளேயே. 300-க்கு 20 மணி, 400-க்கு 27 மணி, 600-க்கு 40 மணி. இதற்கெல்லாம் தாய்வீடு பிரான்ஸ். 1891-இல் தொடங்கிய பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் இப்போது நாலு வருடத்துக்கு ஒரு முறை நடக்கிறது. 1,200 கிலோமீட்டர், 90 மணி நேரம். நம் நாட்டிலிருந்தும் போகிறார்கள்.

200-க்குச் சராசரி மணிக்கு 15 கிலோமீட்டர் கூட வேண்டாமே, என் 152 வாட்டுக்கு அது எம்மாத்திரம் என்று ஒரு ஜனவரியில் பெயர் கொடுத்தேன். அதற்கு முன் ரோட்டில் 40 கிலோமீட்டருக்கு மேல் போனதில்லை.

விடிகாலை இரண்டு இட்லி, வழக்கமான சர்க்கரை மாத்திரை, ஒரு பாட்டில் தண்ணீர். கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே 100 கிலோமீட்டர் பறந்தேன். என் பலம் என்று நினைத்தேன். திரும்பி வடக்கே வண்டியைத் திருப்பியதும்தான் தெரிந்தது, அது முதுகில் தள்ளிய வாடைக்காற்று. இப்போது அது மார்பில் அடித்தது. உள்ளங்கை மரத்தது. உட்காரும் இடத்தைப் பற்றி இங்கே சொல்ல முடியாது. 140-ஆவது கிலோமீட்டரில், கல்பாக்கத்தை நெருங்கும்போது கை நடுங்கியது, குளிர்ந்து வியர்த்தது. சர்க்கரை இறங்கிவிட்டது. டீக்கடைக்காரர் ஒருவர் என்னை உட்கார வைத்து, சர்க்கரை அள்ளிப் போட்ட டீயும் பன்னும் கொடுத்தார். மாப்பிள்ளை காரில் வந்து அழைத்துப் போனார். அன்று இரவு மனைவி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

பிழை எங்கே? ஒரு மணி நேரப் பயிற்சிக்குச் சாப்பாடு வேண்டாம். உடம்பில் இருக்கிற கையிருப்பே போதும். பத்து மணி நேரத்துக்கு அது போதாது, வழியெல்லாம் வரவு வைத்துக்கொண்டே போக வேண்டும். எப்போது சாப்பிடுவது, காற்றில் எப்படி அடங்கி ஓட்டுவது, கையை எப்படி மாற்றி மாற்றி வைப்பது என்பதெல்லாம் ரோட்டில் பல மணி நேரம் இருந்தால்தான் வரும். ஆப் என் காலை வளர்த்தது உண்மை. வயிற்றையும் கையையும் புத்தியையும் வளர்த்ததாக நானே எழுதிக்கொண்டேன்.

டாக்டரிடம் போனேன். நல்ல டோஸ் கொடுத்தார். பிறகு, நீண்ட ஓட்டம் போகும் நாளில் மாத்திரையை எப்படி மாற்றுவது, எவ்வளவு சாப்பிடுவது என்று எழுதியும் கொடுத்தார். மனைவியோடு ஓர் உடன்படிக்கை போட்டோம். வாரத்தில் மூன்று நாள் வீட்டில் ஒரு மணி நேரம். ஞாயிறு மட்டும் ரோடு, அதுவும் துணையோடு. 40, 60, 80, 100 என்று மெதுவாகத் தூரத்தைக் கூட்டினேன். 45 நிமிடத்துக்கு ஒரு முறை வாழைப்பழமோ கடலை மிட்டாயோ. அடுத்த ஜனவரியில் அதே 200-ஐ 12 மணி 50 நிமிடத்தில் முடித்தேன். கெடுவுக்கு 40 நிமிடம் மிச்சம். முடிகிற இடத்தில் மனைவி ஃபிளாஸ்கில் காபியோடு நின்றிருந்தார்.

எனவே செயலாளருக்கு என் பதில்: அரை மணி, ஒரு மணி நேரம்தான் கிடைக்கும் என்பவர்களுக்கும், மழைக்காலத்துக்கும், அதிகாலையில் தனியே வெளியே போக முடியாதவர்களுக்கும் வீட்டு சைக்கிள் ரொம்ப நல்லது. ஆனால் மின்விசிறி அவசியம். நாம் செலவழிக்கும் சக்தியில் கால் பங்குக்கு மேல் பெடலுக்குப் போவதில்லை, மற்றதெல்லாம் சூடு. ரோட்டில் அதைக் காற்று கொண்டுபோகும், அறைக்குள் அது நம்மேலேயே நிற்கும். டிரெய்னருக்கு அடியில் தடித்த ரப்பர் பாய் போடுங்கள். காலை 6 மணிக்கு முன் ஓட்டாதீர்கள். இந்த இரண்டையும் எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் என் கீழ் வீட்டுக்காரர். அதோ, சிரிக்கிறார்.

தூரம் போக ஆசைப்படுபவர்கள் தூரம் போய்த்தான் பழக வேண்டும். சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை போடுகிறவர்கள் முதலில் டாக்டரைக் கேளுங்கள். ஹெல்மெட்டும் முன், பின் விளக்கும் இல்லாமல் கேட்டைத் தாண்டாதீர்கள்.

டிரெய்னரை ஓட்டிப் பார்க்க வேண்டுமானால் என் வீட்டுக்கு வாருங்கள். ரோட்டில் வர விருப்பமானால் ஞாயிறு காலை ஐந்தரை மணிக்கு மெயின் கேட்டில் நிற்பேன். முதல் நாள் 20 கிலோமீட்டர்தான். திரும்பி வந்ததும் இட்லி என் செலவு.