முதல் எட்டு வாரங்கள்



மாத்தளை மாவட்டத்திலே, றத்தோட்டைக்கு மேலுள்ள மலைச்சரிவில் கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணை மனத்திற் கொள்ளுங்கள். இரண்டு மூன்று நாளாகத் தலைச்சுற்றலும் குமட்டலும் அவளை வாட்டுகின்றன. அடுத்த காம்பராக்காரி, தனக்கு வைத்தியர் கொடுத்த மாத்திரைகளில் இரண்டை அன்போடு நீட்டுகிறாள். இவளும் விழுங்கிவிட்டு மலைக்குப் போகிறாள். தன் வயிற்றில் நான்கு வாரக் கரு வளர்வதை அவள் அறியாள்.

அபாயம் இந்த அறியாமையிலேதான் இருக்கிறது. கருத்தரித்த மூன்றாம் வாரம் முதல் எட்டாம் வாரம் வரையிலேயே குழந்தையின் முக்கிய அவயவங்கள் உருவாகின்றன. மூளையும் முள்ளந்தண்டு நரம்பும் தோன்றும் குழல் 28ஆம் நாளளவில் மூடிக்கொள்கிறது. மாதவிலக்குத் தள்ளிப்போய் அப்பொழுது இரண்டு வாரமே ஆகியிருக்கும்!

தாயின் நச்சுக்கொடி எல்லாவற்றையும் தடுத்துவிடும் என்று முன்னர் பலர் நம்பினர். அந்நம்பிக்கையைத் தகர்த்தது தலிடோமைட் என்னும் மருந்து. 1957இல் மேற்கு ஜேர்மனியில் விற்பனைக்கு வந்த இம்மருந்தைத் தூக்கத்திற்கும் குமட்டலுக்கும் கர்ப்பிணிகள் உட்கொண்டனர். ஜேர்மனியில் லென்ஸ், அவுஸ்திரேலியாவில் மக்பிரைட் ஆகிய வைத்தியர்கள் எச்சரித்த பின், 1961 நவம்பரில் ஜேர்மனியில் அது நிறுத்தப்பட்டது. அதற்குள் பல நாடுகளிலும் ஏறக்குறைய 10,000 குழந்தைகள் கைகால் குறைந்தும், வேறு ஊனங்களோடும் பிறந்துவிட்டனர்.

இன்றும் வலிப்புக்குரிய வல்புரோவேட், முகப்பருவுக்குரிய ஐசோட்ரெட்டினோயின், இரத்தம் உறைவதைத் தடுக்கும் வோபரின் ஆகியவை கருவைப் பாதிக்கக்கூடியவை. ஆயினும் அஞ்சி, மருந்தைத் திடீரென நிறுத்துவதும் தவறு. அடக்கப்படாத வலிப்புத் தாய்க்கும் சேய்க்கும் ஆபத்து. ஆகவே, பிள்ளைப்பேற்றை விரும்பும்போதே வைத்தியரிடம் சொல்லுங்கள். பொருத்தமான மருந்துக்கு அவர் மாற்றுவார். கருத்தரிக்கு முன்பிருந்தே நாளொன்றுக்கு 400 மைக்கிரோகிராம் போலிக் அமிலம் உட்கொள்வது முள்ளந்தண்டுக் குறைபாட்டைப் பெரிதும் தடுக்கும்.

மூலிகைதானே என்று லேகியத்தையும் கஷாயத்தையும் எண்ணிவிடாதீர்கள், அவையும் மருந்தே.

மருந்துக் கடையிலாயினும், தோட்டத்து டிஸ்பென்சரியிலாயினும், குடும்பநல மாதுவிடமாயினும், “நான் கர்ப்பமாக இருக்கக்கூடும், இதை உட்கொள்ளலாமா?” என்று கேட்க வெட்கப்படாதீர்கள். கணவன்மாரே, மாமிமாரே, அவள் கேட்க மறந்தால் நீங்கள் கேளுங்கள்.