நீர்த்துறை நாகரிகம்



மேட்டூரில் மலைகளுக்கிடையே இருந்து வெளிப்படும் காவிரி, சமவெளியில் கால் வைத்ததும் அகன்று பரந்து நடக்கிறது. குமாரபாளையம், பள்ளிபாளையம், ஜேடர்பாளையம், பரமத்தி வேலூர், மோகனூர் என்று ஊர் ஊராகக் கரை தொட்டுச் செல்கிறது. விடுமுறை நாட்களில் இக்கரைகளுக்கு நீராட வருவோர் பலர். தூண்டிலும் வலையும் பறியும் எடுத்துக்கொண்டு வருவோரும் உண்டு. இவர்கள் மீன் பிடித்துப் பிழைப்பவர்கள் அல்லர்; ஒரு நாள் இன்பத்திற்காக வருபவர்கள். ஒரே மடுவில் பத்துப் பேர் பறி வைக்க வந்துவிட்டால் அவர்கள் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள்.

இறால் பிடிப்பதில் ஒழுக்கம் பேச என்ன இருக்கிறது என்று நீங்கள் எண்ணக்கூடும். நானும் ஒரு காலத்தில் அவ்வாறே எண்ணியிருந்தேன். கல்லூரியில் படித்த நாட்களில், ஒரு கோடை விடுமுறையில், நண்பர்கள் மூவருடன் மோகனூருக்கு அருகே ஆற்றங்கரைக்குப் போயிருந்தேன். பாறை ஓரத்தில் நல்ல மடு ஒன்று கிடைத்தது. அங்கே ஏற்கெனவே ஒரு பறி நீருக்குள் இருந்தது. அதன் கயிறு கரை மரத்தின் வேரில் கட்டப்பட்டிருந்தது. உடையவரைக் காணோம். நாங்கள் அந்தப் பறியைச் சற்று மேலே நகர்த்திவிட்டு, அவ்விடத்தில் எங்களுடையதை இறக்கினோம். விடியற்காலையில் எங்கள் பறியில் இறால்கள் துள்ளின. முதியவர் ஒருவர் வந்து தம் பறியைத் தூக்கிப் பார்த்தார். அதில் ஒன்றும் இல்லை. கயிறு இடம் மாறியிருப்பதை அவர் கண்டுகொண்டார். ஆனால் அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. எங்கள் பாத்திரத்தை எட்டிப் பார்த்து, "முட்டையோட இருக்கிறதை மட்டும் ஆத்துலயே விட்டுடுங்க கண்ணு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் எங்களை வைதிருந்தால் அன்றே மறந்திருப்போம். வையாததால் அச்சொல் இன்றுவரை மறக்கவில்லை. அந்த ஒரு வாக்கியத்தின் பொருள் முழுவதும் விளங்க எனக்குப் பல ஆண்டுகள் ஆயின. அதை விளக்குவதே இப்பேச்சின் நோக்கம்.

முதலில் பறி என்பது என்ன என்று பார்ப்போம். மூங்கிற் சிம்புகளாலோ கம்பி வலையாலோ பின்னப்பட்ட கூடு அது. அதன் வாய் வெளியே அகன்றும் உள்ளே குறுகியும் இருக்கும். உள்ளே நுழைவது எளிது, வெளியேறுவது அரிது. உள்ளே இரை வைத்து, கல் கட்டி, நீரில் இறக்கிவிடுவர். ஆற்று இறால் பகலில் கற்களின் இடுக்கில் மறைந்திருந்து, இருட்டிய பின் இரை தேடி வெளிவருவது. ஆகவே மாலையில் வைத்த பறியைக் காலையில் எடுப்பதே வழக்கம். இரையின் மணம் ஓடும் நீரில் கலந்து கீழ்நோக்கிச் செல்லும். அம்மணத்தைப் பற்றிக்கொண்டு இறால் கீழிருந்து மேல்நோக்கி வரும்.

இதனை அறிந்தால் நெரிசலின் கேடு தானே விளங்கும். ஒருவர் வைத்த பறிக்கு நேர் கீழே, நாலு முழத்தில், இன்னொருவர் பறி வைத்தால், முதல்வரின் மணத்தை நாடி வரும் இறால் இரண்டாமவரின் கூட்டில் நுழைகிறது. கையால் எடுத்தால்தான் திருட்டு என்பதில்லை, இடத்தாலும் திருடலாம். நாங்கள் அன்று செய்தது அதுவே. அன்றியும், கயிறுகள் ஒன்றோடொன்று சிக்குகின்றன. ஒருவர் இழுக்கும்போது மற்றவர் கூடு கவிழ்கிறது. கவிழ்ந்த கூட்டைப் பற்றி எழும் பேச்சு, சிறிது நேரத்தில் கைகலப்பாகவும் முடிகிறது.

இதற்கு எல்லோரும் ஒப்பும் விதி ஒன்று உண்டு: முதலில் வந்தவருக்கு இடம் முதலுரிமை. இது நல்ல விதியே. ஆயினும் போதிய விதி அன்று. நூறு பேர் வரும் நாளில் முதலில் வருவது என்றால், முந்தின நாளே வந்து கல்லை வைத்து இடம் பிடிப்பது என்று ஆகிவிடும். இடம் பிடித்தவர் அதை விடமாட்டார். இடம் கிடைக்காதவர் பொறுக்கமாட்டார். நெரிசல் மிகும்போது முந்துவது என்ற ஒன்று மட்டும் நீதி ஆகாது.

மனிதர்கள் இதற்கு வேறு வழிகளும் கண்டிருக்கிறார்கள். அவற்றுள் மிகச் சிறந்த ஒன்று நம் தமிழ்நாட்டிலேயே, வங்கக் கடலோரத்தில் உள்ளது. சென்னைக்கு வடக்கே பழவேற்காடு என்னும் ஏரி உள்ளது. ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக, இந்தியாவிலேயே பெரிய உவர்நீர் ஏரி அது. அங்கே வளரும் இறால், வற்று நீரோடு கடல் முகத்துவாரத்தை நோக்கிச் செல்லும். ஆகவே முகத்துவாரத்திற்கு அருகே வலை கட்டுபவருக்கு வருவாய் மிகுதி. தொலைவில் கட்டுபவருக்குக் குறைவு. எல்லோரும் நல்ல இடத்துக்கே ஓடினால் என்ன ஆகும்? அங்கே உள்ள மீனவர் ஊர்கள் இதற்குப் பாடு என்னும் முறையை வகுத்துக்கொண்டன. இறால் பிடிக்கும் இடங்கள் பெயரிட்டுப் பிரிக்கப்படும். உரிமையுள்ள தலைக்கட்டுகளின் பெயரைக் குலுக்கி எடுத்து, இன்று ஒருவருக்கு நல்ல இடம், நாளை மற்றொருவருக்கு என்று முறை வைப்பர். வலியவனும் எளியவனும் தம் முறைக்குக் காத்திருப்பர்.

கடல் கடந்து இலங்கையில் நீர்கொழும்புக் களப்பிலும் இதனை ஒத்த வழக்கம் உண்டு. அங்கே கழி நட்டு வலை கட்டி இறால் பிடிப்போர் சங்கங்களாகச் சேர்ந்து, சீட்டுக் குலுக்கி இடம் பெறுகின்றனர். 1958-இல் அந்நாட்டு அரசு இவ்வழக்கத்தை விதிகளாகவே ஏற்றுக்கொண்டது. துருக்கி நாட்டின் அலன்யா என்னும் ஊரில் செப்டம்பர் மாதந்தோறும் மீனவர்கள் குலுக்கல் போட்டு இடம் பெற்று வந்தனர். பின்னர் ஒவ்வொரு நாளும் ஓர் இடம் நகர்ந்து, எல்லா இடங்களிலும் எல்லோரும் மீன் பிடித்தனர். இவ்வகை ஏற்பாடுகளை ஆராய்ந்த எலினார் ஆஸ்ட்ரம் என்னும் அமெரிக்க அம்மையார் 1990-இல் ஒரு நூல் வெளியிட்டார். 2009-இல் பொருளியலுக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. பொதுச் சொத்தை அரசு காக்க வேண்டும், அல்லது தனியாருக்கு விற்றுவிட வேண்டும், வேறு வழியில்லை என்று அறிஞர் பலர் சொல்லி வந்தனர். பயன்படுத்துவோரே கூடி விதி வகுத்துக் காத்து வருவதும் உண்டு என்பதை அவ்வம்மையார் சான்றுகளோடு காட்டினார்.

ஆனால் பாடு முறைக்கு ஒரு மறுபக்கமும் இருக்கிறது. அதை மறைப்பது நேர்மை ஆகாது. குலுக்கலில் பெயர் இருப்பவர்களுக்குள்தான் அந்த நீதி. பெயர் இல்லாதவர்களுக்கு ஏரியின் நல்ல இடங்கள் எட்டா. அதே கடலோரத்தில் இருளர் மக்கள், வலையின்றி, சேற்றில் அமர்ந்து கையாலேயே தடவி இறால் பிடிக்கின்றனர். பிடித்ததை ஓலையால் முடைந்த பறியில் போட்டு, அதைப் பல்லால் கவ்விக்கொண்டு, நாள் முழுதும் நீரில் நகர்கின்றனர். அவர்களைக் காணும்போது, "முறை என்பது யாருக்குள் வகுத்த முறை?" என்ற கேள்வி எழாமல் இராது.

நம் பக்கத்துக்குத் தெற்கே, நத்தம், மேலூர், சிங்கம்புணரி வட்டாரங்களில் இக்கேள்விக்கு வேறொரு விடை கூறுகின்றனர். அறுவடை முடிந்து கோடையில் கண்மாய் வற்றும்போது அங்கே மீன்பிடித் திருவிழா நடைபெறும். முன்னரே அறிவித்துவிடுவதால் சுற்று வட்டார ஊர்களிலிருந்தெல்லாம் மக்கள் திரள்வர். ஊர்ப் பெரியவர்கள் சாமி கும்பிட்டு, கரையில் நின்று வெள்ளைத் துணியை வீசுவர். அதுவரை ஒருவரும் நீரில் இறங்கமாட்டார். வீசியதும் ஊத்தாக் கூடையும் வலையும் கொண்டு அனைவரும் ஒருங்கே இறங்குவர். நெரிசல் என்றால் அப்படி ஒரு நெரிசல்! ஆயினும் அங்கே இரண்டு கட்டுப்பாடுகள் உண்டு: எவரும் முந்தி இறங்கலாகாது, பிடித்ததை வீட்டில் சமைக்கலாமே ஒழிய விற்கலாகாது. வெளியூரானுக்கும் இடம் உண்டு. ஆனால் ஆசைக்கு எல்லையும் உண்டு.

ஊர் வழக்கம் இல்லாத இடத்தில் சட்டம் அந்த வேலையைச் செய்யவேண்டி வருகிறது. அமெரிக்காவின் மேற்குக் கரையில் உள்ள வாஷிங்டன் மாநிலத்தில், பொழுதுபோக்காகக் கடலில் பறி வைத்து இறால் பிடிப்போர் பல்லாயிரவர். அங்கே பியூஜெட் சவுண்ட் என்னும் கடற்பகுதியில் ஒருவர் இரண்டு பறிகளுக்கு மேல் வைக்கலாகாது. ஒரு படகுக்கு நான்குக்கு மேல் கூடாது. புள்ளி இறால் ஒரு நாளைக்கு ஒருவருக்கு 80 தான். ஒவ்வொரு பறிக்கும் மஞ்சள் நிற மிதவை கட்டி, அதில் உடையவரின் பெயரையும் முகவரியையும் எழுதியிருக்க வேண்டும். மிதவையைக் கண்டால் அங்கே ஒருவரின் உழைப்பு இருக்கிறது என்று பொருள். அன்று மோகனூரில் மர வேரில் கட்டியிருந்த கயிறும் அத்தகைய மிதவையே. நாங்கள்தான் அதைப் படிக்கத் தவறினோம்.

இனி, முதியவர் சொன்ன சொல்லுக்கு வருகிறேன். முட்டையோடு இருப்பதை ஏன் விடச் சொன்னார்?

காவிரியில் வாழும் பெரிய ஆற்று இறாலின் வாழ்க்கை வியப்பானது. பெண் இறால் தன் முட்டைகளை வயிற்றின் அடியில், நீந்தும் கால்களுக்கிடையே ஒட்டவைத்துச் சுமக்கும். முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சு நன்னீரில் மட்டும் வளராது. அதற்கு உப்புக் கலந்த நீர் வேண்டும். ஆகவே குஞ்சுகள் வெள்ளத்தோடு கழிமுகத்திற்குச் சென்று, அங்கே உருமாறி, பின்னர் ஆற்றை எதிர்த்து மேலே ஏறி வருகின்றன. கொள்ளிடத்தில் கல்லணைக்குக் கீழே, 1836-இல் கட்டப்பட்ட அணைக்கரையின் அடியில், இவ்வாறு ஏறி வரும் இளம் இறால்கள் திரளாகக் கூடுவதை மீன்வள அறிஞர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஒவ்வோர் அணையும் அவற்றுக்கு ஒரு மதில். 1934-இல் மேட்டூர் அணை எழுந்த பின், கடலிலிருந்து காவிரியில் ஏறி வந்த உல்லம் மீன் மிகவும் அருகிப்போயிற்று. இத்தனை தடைகளையும் கடந்து நம் ஊர் மடுவுக்கு வந்து சேர்ந்த ஓர் இறால், முட்டையோடு நம் பாத்திரத்தில் கிடந்தால், அது ஓர் இறால் அன்று. பல்லாயிரம் இறால்களின் வாய்ப்பு.

அம்முதியவர் தம் இடத்தைக் கேட்கவில்லை. அடுத்த ஆண்டை எங்களிடம் கேட்டார். எங்களுக்கு அது ஒரு நாள் விளையாட்டு. அவருக்கு அது அரிசியும் எண்ணெயும். விளையாட வந்தவர் பிழைக்க வந்தவரின் இடத்தைப் பறித்த நெரிசல் அது. அங்கே கரையில் நாங்கள் நால்வரே இருந்தோம். ஆனாலும் அதுவே கொடிய நெரிசல்.

ஆகவே மாணவ நண்பர்களே, நீர்த்துறைக்குப் போகும்போது சிலவற்றை நினைவில் கொள்ளுங்கள். முதலில், பிடிக்க உரிமை உண்டா என்று கேட்டறியுங்கள். ஏரிகள் பல குத்தகைக்கு விடப்பட்டவை. மேட்டூர் நீர்த்தேக்கத்தில் மீன்பிடிக்க உரிமம் தேவை. பிறர் கயிற்றைத் தொடாதீர்கள். பிறர் பறிக்கு நேர் கீழே உங்கள் பறியை இறக்காதீர்கள். பிழைப்புக்காக வருபவர் வந்தால் நல்ல இடத்தை அவருக்கு விடுங்கள். முட்டை இறாலையும் இளங்குஞ்சையும் நீரிலேயே விட்டுவிடுங்கள். வைத்த பறியை மறந்துவிட்டுப் போகாதீர்கள். மறந்த பறி, ஆள் இல்லாமலே பிடித்துக்கொண்டும் கொன்றுகொண்டும் இருக்கும். வெடியும் நஞ்சும் இட்டு மீன் பிடிப்பது 1897-ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டத்தின்படியே குற்றம். அதைச் செய்பவர் அருகே நிற்கவும் வேண்டா.

இன்னொன்று உயிரைப் பற்றியது. மேட்டூரில் உபரிநீர் மதகுகளை மூடியதும், பாறைக் குட்டைகளில் தங்கிய மீனைப் பிடிக்கக் கூட்டம் இறங்குவது வழக்கம். மீண்டும் மதகு திறந்தால் நீர் கணப்பொழுதில் ஏறும். நீர் வருவதை முதலில் காண்பவர், தம் பறியை எடுக்க ஓடுவதற்கு முன், பக்கத்தில் உள்ளவரைக் கூவி அழைக்க வேண்டும். துறை நாகரிகத்தின் தலையாய விதி அதுவே.

முதியவர் போன பிறகு நாங்கள் பாத்திரத்தைப் பார்த்தோம். முட்டையோடு மூன்று இருந்தன. மூன்றையும் ஆற்றில் விட்டோம். அவருடைய பறியைப் பழைய இடத்தில் வைத்து, இரையும் இட்டுவிட்டு வந்தோம். அடுத்த நாள் அதில் என்ன விழுந்தது என்று நான் அறியேன். நாம் விட்டுக்கொடுத்ததன் பயனை நாமே நின்று காண வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆறு ஓடிக்கொண்டிருக்கிறது, நமக்குப் பின்னும் அத்துறைக்கு ஆட்கள் வருவார்கள்.