கடல் கடந்த மரக் கோவில்



கோவிலைத் தேடி மக்கள் போவார்கள். ஒரு கோவிலே ஊரை விட்டுப் போனது தெரியுமா? அது மரத்தால் கட்டிய ஒரு கிறிஸ்தவத் தேவாலயம். அதன் கதையைத்தான் இன்று கேட்கப் போகிறீர்கள்.

ஐரோப்பாவின் வடக்கே நார்வே நாடு இருக்கிறது. மலை, காடு, ஏரி நிறைந்த நாடு. குளிர்காலத்தில் பனி கொட்டும். அங்கே ஓர் ஏரிக்கரையில் வாங் என்ற கிராமம் உள்ளது. சுமார் 1200ஆம் ஆண்டில் அந்த ஊரில் பைன் மரத்தால் ஒரு தேவாலயம் எழும்பியது.

மரம் இத்தனை நூறு ஆண்டு தாங்குமா? நல்ல கேள்வி. அந்த நாட்டுத் தச்சர்கள் முதலில் தூணை மண்ணில்தான் நட்டார்கள். ஈரம் ஏறி அடிப்பாகம் உளுத்துப் போனது. பிறகு முறையை மாற்றினார்கள். தரையில் கல் வைத்தார்கள். கல்லின் மேல் கனமான உத்திரங்களைப் படுக்க வைத்தார்கள். அதன் மேல் தூண்களை நிறுத்தினார்கள். நம் ஊர்த் திண்ணைத் தூணுக்கு அடியில் கல் வைக்கிறோமே, அதே புத்திதான்!

சுவர்ப் பலகைகள் செங்குத்தாக நிற்கும். ஒரு பலகையின் ஓரம் அடுத்த பலகையின் காடியில் செருகி நிற்கும். வெளியே தார் பூசுவார்கள். ரோட்டுக்குப் போடும் தார் அல்ல. பைன் மரத்திலிருந்தே எடுக்கும் தார். மழையும் பனியும் மரத்தைத் தின்னாமல் அது காக்கும். வாசல் நிலையில் கொடிகளும் சிறகு முளைத்த பாம்பு போன்ற விலங்குகளும் செதுக்கியிருந்தார்கள்.

600 ஆண்டுகள் கடந்தன. ஊரில் ஜனம் பெருகியது. கோவிலில் இடம் போதவில்லை. கட்டடமும் பழுதாகிவிட்டது. ஊரார் புதுக் கோவில் கட்டினார்கள். பழையதை என்ன செய்வது? ஏலம் விட முடிவு செய்தார்கள். அவர்களைக் குறை சொல்வது எளிது. ஆனால் இரண்டு கோவிலைப் பராமரிக்க ஒரு சின்னக் கிராமத்துக்குப் பணம் ஏது?

யோகான் கிறிஸ்டியன் டால் என்று ஓர் ஓவியர் இருந்தார். நார்வேயில் பிறந்தவர். ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரில் ஓவியம் கற்பித்தவர். இப்படிப்பட்ட மரக் கோவில்களைப் பற்றி 1837இல் ஒரு புத்தகமே வெளியிட்டவர். வாங் கோவிலை நார்வேயிலேயே காப்பாற்ற அவர் முயன்றார். யாரும் முன்வரவில்லை. 1841இல் ஏலத்தில் அவரே வாங்கிவிட்டார்!

ஓவியர் கோவிலை எங்கே வைப்பார்? பிரஷ்யா நாட்டு அரசர் நான்காம் பிரெடரிக் வில்லியமிடம் பேசினார். அரசர் கோவிலை வாங்கிக்கொண்டார். முதலில் அளவெடுத்துப் படம் வரைந்தார்கள். பிறகு பலகை பலகையாகப் பிரித்தார்கள். கப்பலில் ஏற்றி பெர்லினுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே மயில் தீவு என்ற இடத்தில் அழகுக்காக வைப்பதாக எண்ணம்.

அப்போது ரேடன் சீமாட்டி குறுக்கிட்டார். தெற்கே சிலேசியாவின் மலைச் சரிவில் இருந்த ஏழை ஜனங்களுக்கு அருகில் கோவில் இல்லை. வழிபாட்டுக்கு வெகுதூரம் நடந்தார்கள். "அவர்களுக்குக் கொடுங்கள்" என்று அரசரைக் கேட்டுக்கொண்டார். அரசரும் சம்மதித்தார். அரசருக்கு அலங்காரமாக நின்றிருக்க வேண்டியது, ஜனங்களுக்குக் கோவிலாயிற்று.

1842இல் அஸ்திவாரக் கல் நாட்டினார்கள். 1844இல் கோவில் திறந்தது. பழைய மரம் எல்லாம் தேறவில்லை. கெட்டுப்போன இடத்தில் புது மரம் சேர்த்தார்கள். மலைக்காற்று வேகமாக அடிக்கும். அதைத் தடுக்கப் பக்கத்தில் ஒரு கல் கோபுரமும் கட்டினார்கள்.

நார்வேயில் விஷயம் அதோடு நிற்கவில்லை. 1844இல் பழம்பொருள்களைக் காக்க ஒரு சங்கம் தொடங்கியது. அதைத் தொடங்கியவர்களில் டாலும் ஒருவர். ஆனால் 1851இல் ஒரு சட்டம் வந்தது. ஊரில் 10 பேர் இருந்தால் 3 பேருக்காவது கோவிலில் இடம் வேண்டும் என்றது. சின்ன மரக் கோவில்கள் பல இதனால் இடிபட்டன. சில கோவில்களைச் சங்கம் விலைக்கு வாங்கிக் காப்பாற்றியது. ஒரு காலத்தில் நூற்றுக்கணக்கில் இருந்தவற்றில் இன்று நார்வேயில் எஞ்சியவை 28.

வாங் கோவில் போன இடத்திலும் காலம் மாறியது. 1945இல் இரண்டாம் உலகப் போர் முடிந்தது. சிலேசியா போலந்து நாட்டின் வசம் வந்தது. அங்கிருந்த ஜெர்மானியர்கள் வெளியேற்றப்பட்டார்கள். போலந்து மக்கள் குடியேறினார்கள். ஊரின் பெயர் கார்பாச் என்று ஆனது. கட்டியவர்கள் ஒரு நாட்டார், கொண்டுவந்தவர்கள் இன்னொரு நாட்டார், இப்போது வைத்திருப்பவர்கள் மூன்றாவது நாட்டார். இன்றும் அங்கே வழிபாடு நடக்கிறது. கல்யாணமும் நடக்கிறது.

நார்வேயில் அந்தப் பழைய கோவிலுக்கு முன்னால் உயரமான ஒரு கல் நின்றது. இறந்துபோன உறவினரின் நினைவாகச் சகோதரர்கள் சிலர் எழுத்துப் பொறித்து நாட்டிய கல் அது. அந்தக் கல் கப்பல் ஏறவில்லை. வாங் கிராமத்தில், புதுக் கோவிலின் அருகே இன்றும் நிற்கிறது.