நொறுங்குண்ட இருதயம்

ஈழத்துக் கிறிஸ்தவக் காதற்கதை என்றால் எங்கள் திருகோணமலையிலிருந்தே தொடங்க வேண்டும். இன்னாசித்தம்பியின் 'ஊசோன் பாலந்தை கதை' 1891 இல் வெளிவந்தது. பழி சுமத்தப்பட்ட தாய், கரடி வளர்த்த பிள்ளை என ஐரோப்பியப் பழங்கதையொன்றைத் தழுவியது. சுவையானதுதான், ஆனால் நல்லவர் யார், கெட்டவர் யார் என்பதில் மயக்கமே இல்லை.

1914 இல் மங்களநாயகம் தம்பையா எழுதிய 'நொறுங்குண்ட இருதயம்' அப்படியன்று. யாழ்ப்பாணத்துக் குடும்பம்; கொடுமைக்காரக் கணவன் அருளப்பா; பொறுத்துப் பொறுத்தே நைந்துபோகும் கண்மணி. தலைப்பே சங்கீதப் புத்தகத்தை நினைவூட்டுவது. மன்னிப்பது கிறிஸ்தவளின் கடன், சரி. கொடுமையைச் சகிப்பதும் அந்தக் கடனுக்குள் அடங்குமா? ஆசிரியை அடங்கும் என்றே எண்ணினார் போலும். எனக்கு உடன்பாடில்லை. ஆயினும் கண்மணியின் வேதனையை அவர் பூசி மெழுகவில்லை. பிரசங்கத்தையும் மீறிக் கதை நிற்பது அதனாலேதான்.

இதை உயர்தர வகுப்பிலே சொன்னபோது, "பொறுமையைப் புகழுறது வேதக்காரற்றை பழக்கம்" என்றான் ஒரு மாணவன். துறைமுகப் பக்கத்து மாணவியொருத்தி எழுந்தாள்.

"நாங்கள் வைகாசியிலை பொங்கிக் கும்பிடுற கண்ணகி, கோவலன் திரும்பி வந்தபோது என்ன கேட்டவ, சேர்?"

"ஒன்றும் கேட்கவில்லை. சிலம்பைக் கொடுத்தா" என்றேன்.