அணையில் நீர், மடையில் கவனம்

அணை என்றால் எல்லாம் ஒரே மாதிரி இல்லீங்க. கல்லணை தண்ணீரைத் தேக்கி வைக்காது. காவிரி நீரைப் பிரித்து அனுப்பும். 1934-இல் முடிந்த மேட்டூர் கல் கட்டடம். தன் எடையாலேயே நீரைத் தாங்குகிறது. பவானிசாகர் பெரும்பகுதி மண் அணை. இடுக்கி அணை வில்லாக வளைந்து, பாரத்தை இருபுறக் குன்றுகள் மேல் தள்ளுகிறது. அந்தத் தண்ணீரில் மின்சாரம் எடுக்கிறார்கள்.

மேட்டூர் 120 அடி நிரம்பினால் 93.47 டி.எம்.சி. தண்ணீர். அணை ரொம்பிடுச்சேன்னு மடையைத் திறந்துவிட்டுத் தூங்கலாமா? தலைமடையில் வீணாகும் தண்ணீர், கடைமடைக்காரருக்குக் கதிர் வரும் நேரத்தில் கிடைக்காது. அப்போது காய்ந்த நெல் பதராகிவிடும்.

ஆகவே வயலில் இரண்டு அங்குலம் நீர் கட்டுங்கள்; அது மறைந்த மறுநாள் அடுத்த நீர் விடுங்கள். பூக்கும் சமயம் மட்டும் காயவிடாதீங்க. மிச்சம் பிடிக்கும் நீர் பக்கத்து ஊர்ப் பயிரைக் காப்பாற்றும்.