கால் ஆபரேஷன் முடிஞ்சது, ரத்தக்குழாய் கதை முடியல

ராணிப்பேட்டை, வாலாஜா, ஆம்பூர் பக்கத்துல இருந்து சென்னைக்கும் பெங்களூருக்கும் வேலைக்கு வந்த நிறைய பேர் வீட்டு பீரோவுல அப்பாவோட ஒரு மஞ்சள் ஃபைல் இருக்கும். "கால்ல ரத்த ஓட்டம் இல்ல, பைபாஸ் பண்ணாங்க, இப்ப நல்லா நடக்கிறாரு" என்பதோடு அந்தப் பேச்சு முடிஞ்சிடும். இன்னைக்கு நாம பேசப்போறது அந்த ஃபைலைப் பத்தித்தான்.

முதல்ல, அன்யூரிசம்னா என்ன? பழைய சைக்கிள் ட்யூபுல ஒரு இடம் மட்டும் மெலிஞ்சு புடைச்சுக்கும் இல்லையா, அதே மாதிரி தமனியோட சுவர் பலவீனமாகி வீங்குறது. கால்ல இது அதிகமா வர்ற இடம் முட்டிக்குப் பின்பக்கம். இங்கே அது வெடிக்கிறதைவிட, உள்ளே ரத்தம் உறைஞ்சு பாதத்துக்குப் போற ஓட்டத்தை அடைக்கிறதுதான் பெரிய ஆபத்து.

இதுக்கும் தோலுக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. 1785 டிசம்பர்ல லண்டன்ல ஜான் ஹன்டர் என்ற மருத்துவர், முட்டிக்குப் பின்னாடி வீக்கம் வந்த ஒரு குதிரைவண்டிக்காரருக்குத் தொடையிலேயே தமனியைக் கட்டிக் காலைக் காப்பாத்தினார். வண்டிக்காரங்க போடுற உயரமான தோல் பூட்ஸ் உரசுறதுதான் காரணம்னு அப்போ பலர் நம்பினாங்க. முக்கியமான காரணங்கள் புகை, வயசு, ரத்த அழுத்தம்னு இன்னைக்கு நமக்குத் தெரியும்.

ஆபரேஷனுக்குப் பிறகு ஏன் கவலைப்படணும்? மூணு காரணம் இருக்கு.

ஒண்ணு, தையல் போட்ட இடம். செயற்கைக் குழாய் வச்சிருந்தா, குறிப்பா தொடையிடுக்குல, அந்த இணைப்பு பல வருஷம் கழிச்சுக்கூட விட்டுக்கொடுத்து வீங்கலாம். ரெண்டு, சொந்தக் கால் நரம்பையே எடுத்து வச்சிருந்தாலும், அபூர்வமா அதுவே விரியலாம். மூணாவதுதான் முக்கியம்: ஆபரேஷன் ஒரு இடத்தைத்தான் சரிசெய்யும், உடம்பு முழுக்க இருக்கிற ரத்தக்குழாய்களை இல்ல. ஒரு முட்டிக்குப் பின்னாடி அன்யூரிசம் வந்தவங்கள்ல சுமார் பாதிப் பேருக்கு அடுத்த கால்லயும் இருக்கும். பலருக்கு வயித்துல இருக்கிற பெருந்தமனியிலயும் இருக்கும். அந்தத் தமனி இயல்பா சுமார் 2 செ.மீ. அகலம், 3 செ.மீ. தாண்டினா அன்யூரிசம். வெடிக்கிற வரைக்கும் பெரும்பாலும் எந்த வலியும் தராது.

"வலி இல்ல, எதுக்கு ஸ்கேன்?"னு அப்பா கேட்பார். அவருக்குச் சொல்ல வேண்டிய பதில் இதுதான்: "வலி இல்லாதப்போ பார்க்கத்தான்பா ஸ்கேன்." மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே வந்துடும். ஸ்கேனுக்கு நாமதான் கூட்டிட்டுப் போகணும்.

அடுத்த முறை ஊருக்குப் போனா அந்த ஃபைலை எடுத்து மூணு விஷயம் பாருங்க. எந்த வருஷம் ஆபரேஷன்? வச்சது செயற்கைக் குழாயா, சொந்த நரம்பா? காரணம் அடைப்பா, வீக்கமா? அந்தப் பக்கங்களைப் போன்ல போட்டோ எடுத்து வச்சுக்கோங்க. ஆபரேஷன் நடந்த மருத்துவமனையிலயோ, வேலூர் சி.எம்.சி. மாதிரி ரத்தக்குழாய் அறுவைக்குத் தனித் துறை இருக்கிற இடத்துலயோ காட்டி, "ரெண்டு காலுக்கும் டாப்ளர், வயித்துக்கு ஒரு அல்ட்ராசவுண்ட் தேவையா? எத்தனை மாசத்துக்கு ஒரு தடவை?"னு நேரடியா கேளுங்க. வயித்துல அன்யூரிசம்னு தெரிஞ்சா பெரியப்பா, சித்தப்பாவும் பார்த்துக்கணும். பீடி, சிகரெட்டை விடுறதுல பேரமே கிடையாது.

தொடையிடுக்குல துடிக்கிற கட்டி வந்தா எண்ணெய் போட்டு நீவிவிடாதீங்க. கால் திடீர்னு சில்லுன்னு ஆகி வெளுத்து வலிச்சாலும், வயித்துலயோ முதுகுலயோ திடீர்னு கடுமையா வலிச்சாலும் விடியட்டும்னு காத்திருக்காதீங்க. 108-க்குப் போன் பண்ணுங்க. காலைக் காப்பாத்த கையில இருக்கிறது சில மணி நேரம்தான்.

அடுத்த எபிசோடுல சந்திப்போம். அதுக்கு முன்னாடி வீட்டுக்கு ஒரு போன் போட்டு, அந்த ஃபைல் எங்கே இருக்குன்னு கேட்டு வைங்க.