குழுவைப் பூட்டலாமா?

(நமது சங்கத்தின் பொதுக்குழுக் கூட்டத்தில், வாட்ஸ்அப் குழு பற்றிய தீர்மானத்தின் மீது உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)



நமது வாட்ஸ்அப் குழுவில் இனி நிர்வாகிகள் மட்டுமே செய்தி போடலாம் என்பது தீர்மானம். அதைக் கொண்டுவந்தவர்களின் அலுப்பு எனக்குப் புரிகிறது. கோடையில் லாரித் தண்ணீர் செலவு பற்றி ஒருவர் குழுவில் கேட்டார். மாதம் எத்தனை லோடு வந்தது, ரசீதைப் பார்க்கலாமா என்று இரண்டே வரி. "அப்போ கமிட்டி திருடுதுன்னு சொல்றீங்களா?" என்று ஒரு பதில் வந்தது. அதற்குப் பிறகு இரவு பதினொன்றரை வரை ஓடியது. பார்க்கிங் வந்தது, நாய் வந்தது, நான்கு வருடத்துக்கு முந்தைய பெயின்ட் வேலை வந்தது. எத்தனை லோடு என்பது மட்டும் வரவில்லை. கேட்டவர் குழுவை விட்டு வெளியேறிவிட்டார். இன்று இந்த அறையிலும் அவரைக் காணோம்.

குழுவைப் பூட்டினால் சத்தம் நிற்கும். கேள்வி நிற்காது. மாடிப்படியில் பேசுவார்கள், ரயிலுக்குக் காத்திருக்கும்போது பேசுவார்கள், ஐந்து பேர் சேர்ந்து தனிக் குழு தொடங்குவார்கள். அங்கே பதில் சொல்லப் பொருளாளர் இருக்க மாட்டார். கடைசியில் யாராவது மெயின்டனன்ஸ் கட்டுவதை நிறுத்தும்போதுதான் விஷயம் நமக்குத் தெரியவரும்.

நம் வீட்டுக்காரர்கள் யாரும் கெட்டவர்கள் என்று நான் நினைக்கவில்லை. மோட்டார் பழுது, தேங்காய் விற்பனை, கணக்குக் கேள்வி, பிறந்தநாள் வாழ்த்து எல்லாவற்றையும் ஒரே குழாயில் விட்டிருக்கிறோம். இடம் அப்படி இருந்தால் பேச்சும் அப்படித்தான் இருக்கும்.

முகம் தெரியாதவர்கள் கூடிப் பேசி ஒரு வேலையை முடிக்கிற இடம் தமிழிலேயே இருக்கிறது. 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா. தமிழ்நாடு, இலங்கை, வெளிநாடு என்று பல இடத்துத் தமிழர்கள் சம்பளம் இல்லாமல் எழுதுகிறார்கள். சண்டை இல்லையா என்றால், நிறைய உண்டு. கிரந்த எழுத்து வேண்டுமா வேண்டாமா என்று பல வருடங்கள் வாதாடியிருக்கிறார்கள். ஆனால் அந்த வாதம் கட்டுரைக்குள் நடக்காது. ஒவ்வொரு கட்டுரைக்கும் பின்னால் உரையாடலுக்கென்று தனிப் பக்கம் உண்டு. பொதுவான விஷயங்களைப் பேச ஒரு பக்கம். அதற்கு ஆலமரத்தடி என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். பேசியவர் கீழே கையெழுத்திட வேண்டும். யார் எதை எப்போது மாற்றினார் என்பது வரலாற்றில் பதிவாகிவிடும். அங்கேயும் நிர்வாகிகள் உண்டு, ஆனால் அவர்கள் ஒரு பக்கத்தை நீக்கினால் அந்த நீக்கமும் எல்லோரும் பார்க்கும் பதிவேட்டில் ஏறும்.

எனக்கு மிகவும் பிடித்தது இரண்டு. ஆதாரமில்லாத வரியைக் கண்டால் எழுதியவரைத் திட்ட வேண்டியதில்லை. அந்த வரியின் பக்கத்தில் "சான்று தேவை" என்று ஒரு குறி போடலாம். கேள்வி வரியின் மேல் விழுகிறது, ஆளின் மேல் விழுவதில்லை. நம் லாரித் தண்ணீர் கேள்வியும் அவ்வளவுதான். இன்னொன்று வழிமாற்று. நாம் நார்வே என்போம், இலங்கைத் தமிழர் நோர்வே என்பார்கள். எதைத் தட்டினாலும் ஒரே கட்டுரைக்குப் போகும்படி செய்துவிட்டால் பாதிச் சண்டை தீர்ந்தது. எல்லா வாதத்திலும் ஒருவர் தோற்றாக வேண்டும் என்பதில்லை.

இதெல்லாம் கம்ப்யூட்டர் வந்த பிறகு கண்டுபிடித்தது என்று நினைக்க வேண்டாம். திருநெல்வேலிக்கு வடக்கே மானூரில், சுமார் 800-ஆம் ஆண்டைச் சேர்ந்த பாண்டியர் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. ஊர்ச்சபையில் எந்த யோசனை வந்தாலும் 'இல்லை, இல்லை' என்றே சொல்லித் தடுப்பவருக்கும், அவருக்குத் துணை நிற்பவருக்கும் ஐந்து காசு தண்டம். மறுத்துப் பேசவே கூடாது என்று அதில் இல்லை. எதற்கெடுத்தாலும் மறுப்பதுதான் குற்றம். காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் 919, 921-ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மறுபடி குடவோலைக்கு வர முடியாது என்கிறது அங்குள்ள விதி. ஆயிரத்து நூறு வருடத்துக்கு முன்பே கணக்குக் கேட்பதை அவமானமாக எடுத்துக்கொள்ளவில்லை. (அந்தச் சபைகளில் நிலமுள்ள பிராமண ஆண்களுக்குத்தான் இடம். அதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். நம் குழுவிலும் வாடகைக்கு இருப்பவர்களைச் சேர்க்கவில்லை. தண்ணீர் வராதது முதலில் தெரிவது அவர்களுக்குத்தான்.)

ஆகவே தீர்மானத்துக்கு ஒரு திருத்தம் சொல்கிறேன். தண்ணீர், கரண்ட், லிஃப்ட் அறிவிப்புக்கு ஒரு குழு. அதை நிர்வாகிகள் மட்டும் பயன்படுத்தட்டும், அதைப் பூட்டுவதில் எனக்கு ஆட்சேபமில்லை. பேசுவதற்கு இன்னொரு குழு, வாடகைக்கு இருப்பவர்களையும் சேர்த்து. அங்கே ஒரு நேரத்தில் ஒரே விஷயம், ஏழு நாள். பெயரும் வீட்டு எண்ணும் போட்டுப் பேச வேண்டும். வேண்டாம் என்பவர் காரணம் சொல்ல வேண்டும், முடிந்தால் மாற்று வழியும். தண்டம் எதுவும் வேண்டாம்; ஐந்து காசு வசூலிக்கப் போய் அதற்கொரு சண்டை வரும்.

வரவு செலவும் ரசீதுகளின் படமும் மாதாமாதம் 10-ஆம் தேதிக்குள் அந்தக் குழுவுக்கு வந்துவிட வேண்டும். கேட்ட பிறகு கொடுத்தால் அது பதில் மாதிரி இருக்கும், கேட்காமலே கொடுத்தால் வழக்கமாகிவிடும். பொருளாளருக்கும் இதுதான் பாதுகாப்பு. அவர் சம்பளம் வாங்காமல் இந்த வேலையைச் செய்கிறார் என்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம்.

செய்தியை நீக்கும் அதிகாரம் கமிட்டியில் இல்லாத ஒருவரிடம் இருக்கட்டும், மூன்று மாதத்துக்கு ஒருவராக மாறி மாறி. யாரைப் பற்றிக் கேள்வி வருகிறதோ அவர் கையிலேயே அழிக்கும் பொத்தான் இருந்தால் யார் துணிந்து கேட்பார்கள்? எதை நீக்கினாலும், ஏன் என்று ஒரு வரி எழுத வேண்டும். ஏழாம் நாள் முடிவில் செயலாளர் இரண்டு பக்க வாதத்தையும் சுருக்கிப் போடட்டும். ஒப்பாதவர்களின் காரணமும் அதில் இருக்க வேண்டும். முடிவு குழுவில் எடுக்க வேண்டாம். அது இந்தக் கூட்டத்தின் வேலை.

ஆறு மாதம் நடத்திப் பார்ப்போம். சரிவரவில்லை என்றால் பூட்டுவதற்கு நானே கை தூக்குகிறேன். அதற்கு முன், கோடைக்கால லாரிக் கணக்கை இந்த வாரமே போட்டுவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். குழுவை விட்டுப் போனவர் வீட்டுக்கு அதன் ஒரு பிரதியை நான் நேரில் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.